கூண்டில்லாத பஸ் எங்கே போகிறது?

பாடாலூர் வழியாகப் போகும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் என்றாவது ஒருநாள் ஒரு விநோத வண்டியைப் பார்ப்பீர்கள். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் இருக்கும். சுவரும் கூரையும் இருக்காது. தலையில் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிய டிரைவர், வெட்டவெளியில் ஒற்றை சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் போவார். அதன் பெயர் சேஸிஸ். எண்ணூர் அசோக் லேலண்ட் போன்ற தொழிற்சாலைகளில் பிறந்து, கூண்டு கட்டிக்கொள்ள அது கரூருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவதில் கரூர் பேர்போன ஊர். சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனும், படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு ஊர் சுற்றும் வீட்டு வண்டியும் இதே முறையில்தான் உருவாகின்றன. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவையே தொடங்கியது.

பட்டறையில் முதலில் சேஸிஸ் மேல் சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து எலும்புக்கூடு எழுப்புவார்கள். பிறகு பக்கவாட்டில் தகடு ஏற்றுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நீளமான தகட்டை அப்படியே ஒட்டினால் அது தளர்ந்து, ஓடும்போது கடகடவென்று அதிரும். அதனால் ஒரு முனையை மட்டும் முதலில் பற்றவைத்து, தகட்டைச் சூடாக்குவார்கள். இரும்பு சூட்டில் நீளும். 5 மீட்டர் தகடு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். நீண்டிருக்கும்போதே மறுமுனையையும் பற்றவைத்துவிடுவார்கள். ஆறும்போது தகடு சுருங்கப் பார்க்கும். இரு முனையும் பிடிபட்டிருப்பதால் முடியாது. விறைத்து நிற்கும். பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் ஈரம் வற்றி, சூட்டிலேயே இறுகும். தகடோ ஆறும்போதுதான் இறுகும். சில பட்டறைகளில் சூட்டுக்குப் பதிலாக எந்திரத்தால் இழுத்தும் விறைப்பேற்றுகிறார்கள்.

வெளித் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே நுரைப்பஞ்சு வைப்பார்கள். அதன் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இது இல்லாமல் உள்ளே படுக்க முடியுமா?

இதுவரை பஸ்ஸும் வீட்டு வண்டியும் ஒன்றுதான். உள்ளே வீட்டை வைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. எதை எங்கே வைப்பது என்பதே இங்கே பெரிய அறிவியல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் 200 கிலோ; மூன்று பெரியவர்களின் எடை! அதைக் கூரையில் வைத்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சாய்ந்துவிடும் ஆபத்து கூடும். எனவே தொட்டியையும் கனமான பேட்டரிகளையும் முடிந்தவரை தரைக்குக் கீழே, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே வைப்பது நல்லது. இடப்பக்கம் ஃபிரிட்ஜ் வந்தால், வலப்பக்கம் அதற்கு ஈடாக அலமாரி வரவேண்டும்.

தண்ணீர் சும்மா இருக்கிற எடையும் இல்லை. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்து, மேஜைமேல் தள்ளிச் சட்டென்று நிறுத்துங்கள். பாட்டில் நின்ற பிறகும் தண்ணீர் முன்னே பாய்ந்து மோதும். முழுதும் நிரப்பிய பாட்டிலில் இது நடக்காது. பிரேக் போடும்போது பாதி நிறைந்த தொட்டியிலும் இதே பாய்ச்சல்தான். அதைத் தணிக்கத் தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளை நிறுத்துகிறார்கள்.

இத்தனை எடையும் கடைசியில் டயரில்தான் இறங்குகிறது. பாடாலூருக்குப் பக்கத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நிறுத்தி வைத்திருக்கும் பஸ்ஸின் டயரைப் பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். 152/148 என்பது போல ஓர் எண் இருக்கும். 152 என்றால் அந்த டயர் தனியாக 3550 கிலோ தாங்கும். பின்பக்கம் இரட்டையாகப் பூட்டினால் 148, அதாவது ஒவ்வொன்றும் 3150 கிலோதான். ஜோடி சேர்ந்தால் ஏன் குறைய வேண்டும்? சாலை எங்கும் ஒரே சமமாக இருப்பதில்லை. அதனால் இரண்டு டயர்களும் எடையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. நெருங்கி நிற்பதால் நடுவில் சூடும் எளிதில் வெளியேறாது.