அமெரிக்காவின் 50% வரி: திருப்பூர் டி-ஷர்ட்டுக்கும் உடுமலை நூல் மில்லுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50% கூடுதல் வரி, 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி அமலுக்கு வந்தது. அடி விழுந்தது திருப்பூர் ஏற்றுமதியில். அதிர்வு மட்டும் உடுமலைப்பேட்டை நூற்பாலை வரைக்கும் போச்சு. எப்படி?

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5% வரி உண்டு. 100 ரூபாய் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் வரியும் சேர்ந்து இந்திய சரக்குக்கு அப்போது 66.50 ரூபாய் வரி ஆனது. வியட்நாம், வங்கதேசத்துக்கு அப்போது கூடுதல் வரி 20%தான். அவர்களுக்கு 36.50 ரூபாய். வித்தியாசம் 30 ரூபாய்!

வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் "விலையைக் குறைங்க" என்று அவர் கேட்பது திருப்பூர் கம்பெனியிடம்.

நஷ்டத்துக்கு ஏன் ஆர்டர் எடுக்கணும்?

பையர் ஒருமுறை வேறு நாட்டுக்குப் போய்விட்டால் திரும்ப இழுப்பது கஷ்டம். மெஷின் கடனுக்குத் தவணை கட்டணும். வேலை இல்லைன்னு ஊருக்குப் போன டெய்லர் திரும்பி வருவாரா என்பதும் சந்தேகம். அதனால்தான் சிலர் கையைக் கடித்தாலும் ஆர்டரை விடுவதில்லை.

உடுமலைக்கு என்ன பாதிப்பு?

உடுமலை வட்டார மில்களில் பஞ்சு நூலாகிறது. அந்த நூல்தான் நிட்டிங், சாயம், தையல், செக்கிங், பேக்கிங் என்று நகர்கிறது. ஆர்டர் குறைந்தால் துணி குறையும், நூலும் தேங்கும். கடைசியில் மில் ஷிப்டில் கை வைப்பார்கள்.

மில்லுக்குப் பெரிய செலவு பஞ்சும் கரண்டும். பாலக்காட்டுக் கணவாய் காற்றை நம்பி சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில்களுக்கு, காற்று சீசனில் கரண்ட் செலவு குறையும். அதுதான் போட்டியில் ஒரு பிடிமானம்.

அரசு என்ன செய்தது?

பஞ்சு இறக்குமதிக்கான 11% வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் 31 வரை நீக்கியது. பஞ்சு விலை இறங்கினால் மில்லுக்கு லாபம். பருத்தி விவசாயிக்கோ அதுவே கவலை.

வேறு சந்தை இருக்கா?

2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி இந்திய ஆடைகளுக்கு அங்கே வரி இல்லை. வங்கதேசம் ஏற்கெனவே வரியில்லாமல்தான் அங்கே விற்கிறது. ஆக, இது சலுகை அல்ல, சம வாய்ப்பு. அதற்குப் பிறகு ஜெயிக்க வைப்பது தரமும், சொன்ன தேதிக்கு சரக்கு அனுப்புவதும்தான்.