வெல்டிங் பட்டறையில் காற்றும் கதவும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வாழும் நாம், டிராக்டரின் கேஜ் வீலோ தறியின் இரும்புச் சட்டமோ முறிந்தால் வெல்டிங் பட்டறையை நாடுகின்றோம். மிக் வெல்டிங்கில் உருகும் கம்பியைச் சுற்றி ஆர்கானோ கரியமிலவாயுவோ காவலாகப் பாயும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக் காற்றே அதனைக் கலைக்கப் போதும். இணைப்பில் நுண்துளைகள் விழுந்து வலுக் குன்றும். 2011-இல் தானே புயலைக் கண்ட நம் கரைக்குக் காற்று புதிதன்று. ஆயினும் கதவுகளை முற்றும் அடைத்தல் அதனினும் கேடு. வாயு தேங்கி மூச்சு முட்டும். காற்றடிக்கும் பக்கம் மட்டும் இரும்புத் தகட்டால் மறைத்தலே முறை. துத்தநாக முலாம் பூசிய குழாயாயின் முலாமை முதலில் நீக்குக. அதன் வெண்புகை காய்ச்சல் தரும். பற்றவைப்பவர் முகக்கவசமும் தோல் கையுறையும் அணிக. வேடிக்கை பார்க்கும் சிறுவரை அகற்றுக. அவ்வொளி கண்ணைப் புண்ணாக்கும். கூலி பேசுமுன் இவற்றைக் கேட்டறிதல் உறுப்பினர் கடனாகும்.