ஒட்டாத சாயமும் ஒட்டாத மருந்தும்

திருப்பூர் சாயப்பட்டறையில் பனியன் துணியை அலசும்போது வெளியேறுவது ஒட்டாத சாயம்தான். ரத்தத்திலும் ஏறக்குறைய இதே கதை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. வேலை செய்வது மிச்சமுள்ள 10 சதவீதம்.

சிறுநீரகம் செயலிழந்தால் இந்தக் கணக்கு குலைகிறது. ஏன்? தேங்கும் கழிவுகள் ஆல்புமினில் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பலருக்கு ஆல்புமினே குறைந்துவிடும். ஒட்டாத பங்கு 20, 30 சதவீதம்கூட ஆகலாம்.

வம்பு பரிசோதனையில்தான். வழக்கமான சோதனை ஒட்டியது, ஒட்டாதது இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. விடுபட்ட மருந்தைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் மொத்த அளவு குறைவாகத் தெரியும். வேலை செய்யும் அளவோ போதுமானதாகவே இருக்கலாம். 'பத்தவில்லை' என்று மாத்திரையைக் கூட்டினால் தள்ளாட்டமும் மயக்கமும்தான் மிச்சம். ஒட்டாத அளவைத் தனியே பார்ப்பதே நல்லது.

டயாலிசிஸ் இந்த மருந்தை அலசிவிடாதா? சவ்வின் நுண்துளைகளில் ஆல்புமின் நுழையாது. அதில் ஒட்டியிருப்பதும் தங்கிவிடும். ஃபெனிடாயின் மட்டுமல்ல, இண்டாக்சில் சல்பேட் என்ற கழிவும் அப்படித்தான் தப்பிக்கிறது. ஒரு வித்தியாசம்: பருத்தியில் ஏறிய சாயம் எளிதில் இறங்காது, மருந்தோ நொடிக்கு நொடி ஒட்டுகிறது, விலகுகிறது.