குதிரையும் ஈட்டியும்

வேலூர்க் கோட்டையினுள் அமைந்த சலகண்டேசுவரர் கோயிலின் கலியாண மண்டபம் விசயநகரக் காலச் சிற்பக் கலைக்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மண்டபத்தின் முகப்புத் தூண்களில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும், அவற்றின்மேல் வீரர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். கல்விச் சுற்றுலாவாக எங்கள் வகுப்பு மாணவர்கள் திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாக அங்குச் சென்றிருந்தோம். தூண்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன், “இப்படிக் குதிரைமேல் அமர்ந்து ஈட்டி பிடிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்களா? இல்லை, கல்லில் மட்டும்தானா?” என்று கேட்டான். மற்றொருவன், “ஏன், இங்கிலீஷ் படத்தில் இருக்கிறார்களே!” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகும் அக்கேள்வி என்னை விடவில்லை. குதிரைப் போர் மறைந்த இக்காலத்தில் குதிரையும் ஈட்டியும் கொண்டு ஆடும் விளையாட்டுகள் உலகில் பல உள்ளன. நம் நாட்டிலும் உண்டு. அவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு வேடம்? எதை உண்மை என்று கொள்வது? படித்தறிந்தவற்றை இங்கே தொகுத்துக் கூற விழைகிறேன்.

மேனாட்டு ஈட்டிப் போட்டி

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ‘ஜௌஸ்டிங்’ என்னும் போட்டி பெருவழக்காக இருந்தது. கவசம் பூண்ட இரு வீரர்கள் எதிரெதிரே குதிரையைச் செலுத்தி வந்து, நீண்ட ஈட்டியால் ஒருவரையொருவர் தாக்குவர். முதலில் இது போர்ப் பயிற்சியாகவே இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் இரு குதிரைகளும் மோதிக்கொள்ளாதபடி நடுவே தடுப்பு வைக்கும் வழக்கம் பரவியது. ஆயினும் ஆபத்து நீங்கியபாடில்லை. 1559-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் பிரான்சு நாட்டு மன்னர் இரண்டாம் ஹென்றி இத்தகைய போட்டி ஒன்றில் கலந்துகொண்டார். எதிரியின் ஈட்டி முறிந்து அதன் சிம்பு தலைக்கவசத்தின் வழியே பாய்ந்தது. பத்து நாட்களில் அவர் உயிர் நீத்தார்.

துப்பாக்கி வளர்ந்தது, கவசமும் ஈட்டியும் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. 1839-இல் ஸ்காட்லாந்தில் எக்ளின்டன் பிரபு என்பவர் பழைய போட்டியை மீண்டும் நடத்திக் காட்ட முனைந்தார். பெரும்பொருள் செலவழித்துக் கவசங்களும் பட்டாடைகளும் ஆயத்தம் செய்யப்பட்டன. மக்கள் பெருந்திரளாகக் கூடினர். ஆனால் தொடக்க நாளில் கொட்டிய மழையில் களம் சேறாயிற்று. இடைக்கால வீரனாக வேடம் பூண்டவர் குடை பிடித்துச் சென்றது நெடுங்காலம் நாட்டாரின் நகைப்புக்கு இடமாயிற்று. ஆடையும் அணியும் எவ்வளவுதான் சரியாக இருந்தாலும் அவை மட்டுமே வரலாறு ஆகிவிடா என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

இன்று இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் ஆர்வலர்கள் இப்போட்டியை மீண்டும் நடத்துகின்றனர். பலர் ஈட்டி முனையில் பால்சா என்னும் மென்மரத்தைப் பொருத்திக்கொள்கின்றனர். அது பட்டவுடன் எளிதில் முறிந்து சிதறும். உயிருக்கு ஊறு குறையும். வரலாற்றுப் பற்று மிக்க வேறு சிலரோ, கெட்டி மர ஈட்டியே உண்மையானது என்பர். இவர்களுக்குள் இதுபற்றி வாதம் நடந்தவண்ணம் உள்ளது.

வேடிக்கை யாதெனில், ஈட்டியின் மரத்தைப் பற்றி வாதிடும் பலர் குதிரையைப் பற்றி அவ்வளவு எண்ணுவதில்லை. திரைப்படங்களில் வீரர்கள் ஆறடி உயரக் குதிரைகளில் வருகின்றனர். இங்கிலாந்தில் கிடைத்த இடைக்காலக் குதிரை எலும்புகளை அளந்து 2022-இல் வெளியான ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவை தோள் உயரத்தில் நாலடி பத்தங்குலத்திற்கும் குறைவானவை என்று காட்டியது. அதாவது, இன்று மட்டக்குதிரை என்று நாம் அழைக்கும் அளவே! நம் கண்ணில் பதிந்த ‘உண்மை’ திரையிலிருந்து வந்தது, மண்ணிலிருந்து வந்ததன்று.

நம் நாட்டு முளை பெயர்த்தல்

நம் நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ‘டெண்ட் பெக்கிங்’ என்னும் கூடார முளை பெயர்க்கும் போட்டி. தரையில் ஒரு மரமுளை நடப்பட்டிருக்கும். வீரன் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விட்டு வந்து, உடலைச் சாய்த்து, ஈட்டி முனையால் அம்முளையைக் குத்தி எடுத்துச் செல்ல வேண்டும். முளையின் அகலம் சுமார் 6 சென்டிமீட்டரே. போட்டி முற்ற முற்ற இன்னும் குறுகிய முளைகளும் நடப்படும். முளையைக் குத்தி ஈட்டியிலேயே உரிய தூரம் கொண்டு சென்றால் 6 புள்ளிகள். பெயர்த்தும் இடையில் தவறவிட்டால் 4. முளையில் குத்து மட்டும் பட்டால் 2. வளையத்தை ஈட்டியில் கோத்தெடுப்பதும், தொங்கும் எலுமிச்சம் பழத்தை வாளால் வெட்டுவதும் இதன் உடன்பிறப்புகள்.

1982-இல் புது டெல்லியில் நடந்த ஒன்பதாவது ஆசிய விளையாட்டில் இது ஒரு போட்டியாக இடம்பெற்றது. இந்தியாவின் ரூபிந்தர் சிங் பிரார் தங்கப் பதக்கம் வென்றார். இராணுவத்தினரும், பல மாநிலக் காவல்துறைகளின் குதிரைப் பிரிவினரும் இதை விடாது பயின்று வருகின்றனர்.

இதன் தோற்றம் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. விடியற்காலையில் பகைவர் பாசறைக்குள் பாய்ந்து கூடார முளைகளைப் பிடுங்கிவிட்டால், உறங்குவோர்மேல் கூடாரம் சரிந்து விழும். அதற்கான பயிற்சியே இது என்பர் ஒரு சாரார். போர் யானையின் கால் நகத்தில் குத்தப் பழகிய பயிற்சி என்பர் வேறு சாரார். அலெக்சாந்தர் காலத்துக்கே கொண்டு செல்வாரும் உண்டு. கேட்க இனிய கதைகள்! ஆனால் இவ்விளையாட்டு தெளிவாகப் பதிவு பெறுவது 19-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்தியக் குதிரைப் படைகளில்தான். அதற்கு முந்தியவற்றை மரபுச் செய்தி என்று சொல்லலாமே தவிர, வரலாறு என்று சாதிப்பது முறையாகாது.

ஆனால் ஒன்று. இப்போட்டியில் பயிலும் திறமை வெறும் வேடம் அன்று. அக்காலக் குதிரைப் படையினர் கையாண்ட ஈட்டியின் காம்பு பெரும்பாலும் நம் காடுகளில் விளையும் கல்மூங்கிலால் ஆனது. உள்ளே துளையின்றிக் கெட்டியாக இருப்பதால் அது எளிதில் முறியாது, வளைந்து கொடுக்கும். 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் சோத்பூர், மைசூர் சமஸ்தானக் குதிரைப் படையினர் ஈட்டியும் வாளும் ஏந்திப் பாய்ந்து, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே சென்று ஹைபா நகரைக் கைப்பற்றினர். சோத்பூர்ப் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் தல்பத் சிங் அங்கே வீரமரணம் அடைந்தார். விடுதலைக்குப் பின் சமஸ்தானக் குதிரைப் படைகளை ஒன்றிணைத்து 1953-இல் 61-ஆவது குதிரைப் படை அமைக்கப்பட்டது. போரில் பயின்ற கை விளையாட்டுக் களத்தில் தொடர்ந்தது. ஆதலின் இதன் தோற்றக் கதை ஐயத்திற்குரியதாயினும், பழக்கம் அறுபடாமல் வந்தது எனலாம்.

குதிரையேற்றமே உயிர்நாடி

இவ்விளையாட்டில் கண்ணுக்குத் தெரிவது ஈட்டி. வேலை செய்வது குதிரை. எப்படி என்று சிறிது பார்ப்போம்.

வலக்கையில் ஈட்டி இருப்பதால் கடிவாளத்துக்கு இடக்கை ஒன்றே மிஞ்சும். எனவே குதிரையை நேர்கோட்டில் ஓட்டுவது கையின் வேலை மட்டுமன்று; தொடையும் முழங்காலும் இடுப்பும் அதைச் செய்ய வேண்டும். அங்கவடியில் கால் ஊன்றி, சேணத்தில் இருக்கை பிசகாமல் வலப்புறம் சாயும்போது வீரனின் எடை முழுதும் ஒருபக்கம் சரிகிறது. பழகாத குதிரை உடனே விலகி ஓடும். அரை அடி விலகினாலே முளை தப்பிவிடும்.

மேலும், குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. ஏறத்தாழச் சுற்றுமுழுதும் அதற்குத் தெரியும்; ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரம் தெரியாது. தன் கண்ணுக்கருகே நீண்டு வரும் ஈட்டியைக் கண்டு அது மிரளுவது இயல்பு. ஆதலால் பயிற்சி மெல்லத் தொடங்குகிறது. முதலில் ஈட்டியை முகர்ந்து பார்க்க விடுவார்கள். பிறகு முளையருகே நடத்திச் செல்வார்கள். பின்னர் மெல்லோட்டம், கடைசியில்தான் பாய்ச்சல். இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் வேண்டும். அவசரப்பட்டுக் கடிவாளத்தை வெட்டி இழுத்தால் இரும்பு அதன் வாயைப் புண்ணாக்கும். புண்பட்ட குதிரை அடுத்த முறை ஈட்டியைக் கண்டதும் தலையை உதறும். அதைச் ‘சண்டிக் குதிரை’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். சண்டித்தனம் குதிரையுடையதா, ஏறியவனுடையதா?

முளையில் ஈட்டி பாயும் நொடியில் கையை விறைப்பாக வைத்தால் அதிர்ச்சி தோளைத் தாக்கும். கையைத் தளர்த்தி, ஈட்டியைப் பின்னோக்கிச் செல்லவிட்டு, பிறகே மேலே தூக்க வேண்டும். போர்ச்சுகல் நாட்டை 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட துவார்த்தே மன்னர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூலே எழுதினார். ஈட்டிப் போட்டியில் குறி தவறுவதற்கு அவர் கூறும் காரணங்களுள் ஒன்று, கடைசி நொடியில் அச்சத்தால் கண்ணை மூடிக்கொள்வது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதை இன்றைய முளைப் போட்டிக்கும் அப்படியே சொல்லலாம். கவசத்தின் வடிவம் மாறியது. மனிதனின் அச்சமும் குதிரையின் இயல்பும் மாறவில்லை.

குதிரையை அறியாமல் குதிரையை வைத்துக்கொள்வதன் கேட்டை நம் வரலாறே கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பெரும்பகுதி ஓராண்டுக்குள்ளேயே மடிந்தன என்றும் எழுதுகிறார். அயலார் கூற்று ஆகையால் சற்றுக் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம். ஆயினும் பாடம் பெரிது. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். குதிரையேற்றத்தை வாங்க முடியாது.

எது உண்மை?

மேற்கூறியவற்றிலிருந்து இவ்விளையாட்டுகளில் மூவகை உண்மைகள் உண்டு என்று கொள்ளலாம்.

முதலாவது, பொருளின் உண்மை. ஈட்டி, கவசம், உடை ஆகியவை பழையபடி இருத்தல். இதில் உயிர் காக்கும் பொருட்டுச் செய்யும் மாற்றம் குற்றமாகாது. மென்மர முனையை வைத்தவரைப் ‘போலி’ என்று இகழ்வோர், இரண்டாம் ஹென்றியை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.

இரண்டாவது, பழக்கத்தின் உண்மை. ஏறும் முறையும் குதிரையைப் பழக்கும் முறையும் மெய்யாக இருத்தல். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வழியே இல்லை. இங்கே பொய் நுழைந்தால் அதன் விலையை வாய் பேசாத குதிரை கொடுக்கும். சில வேளை ஏறியவனும் கொடுப்பான்.

மூன்றாவது, பேச்சின் உண்மை. காண்போரிடம் இது இத்தனை பழையது, இது இன்று மாற்றியது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுதல். குரோவாசியா நாட்டின் சின் என்னும் ஊரில் 1715-இல் பெற்ற வெற்றியின் நினைவாக, ஓடும் குதிரையிலிருந்து இரும்பு வளையத்தை ஈட்டியால் குத்தும் ‘அல்கா’ விழா இன்றும் நடக்கிறது. 2010-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வூரார் தம் விழாவை அலெக்சாந்தர் காலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. உள்ள வயதே அதற்குப் பெருமை.

செஞ்சிக் கோட்டைத் தேசிங்குராசன் கதையை நாம் அறிவோம். எவராலும் அடக்க முடியாத டெல்லிக் குதிரையை அவன் அடக்கியதாகக் கதைப்பாடல் சொல்கிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு அவன் மாண்டது வரலாறு. வேலூர் செல்லும் வழியில் உள்ள இராணிப்பேட்டை, அவனுடன் உடன்கட்டை ஏறிய இராணியின் பெயரால் அமைந்தது என்பது வழங்கிவரும் செய்தி. பாடலைப் பாடலாகவும் வரலாற்றை வரலாறாகவும் போற்றினால் இரண்டுக்கும் குறைவில்லை. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

இதில் நம் ஊர்த் திருவிழாக் கலைஞர் நமக்கு ஆசான் ஆகின்றார். மரக்காலில் நின்று, குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அரசனாகவும் அரசியாகவும் ஆடும் அக்கலைக்குப் ‘பொய்க்கால் குதிரை’ என்று பெயர். பெயரிலேயே பொய் என்று சொல்லிவிட்டு, பிறகு ஆட்டத்தை மெய்யாக ஆடுகிறார்கள். கட்டைக்காலில் நின்று ஆடும் அந்தப் பயிற்சியில் பொய் இல்லை. மறுமலர்ச்சி என்ற பெயரில் எதை நடத்துவோரும் கற்க வேண்டிய நேர்மை இதுவே.

நண்பன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். குதிரைமேல் ஈட்டி பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சேர்ந்து நம்மைப் போன்ற மாணவ மாணவியரும் பயில்கின்றனர். அவர்கள் உடுத்திருப்பது பட்டாடையோ இரும்புக் கவசமோ அன்று. ஆனால் அதிகாலையில் எழுந்து, கொட்டிலைத் துப்புரவு செய்து, குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கல்லெடுத்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, அதன் பிறகே சேணத்தை எடுக்கிறார்களே, வேலூர்த் தூணில் நிற்கும் வீரனுக்கு அவர்களே உண்மையான வழித்தோன்றல்கள். ஏனெனில் அவனும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொடங்கியிருப்பான்.