ஜித்தா பயணம்: டிக்கட்டில் தெரியாத இரண்டரை மணித்தியாலம்

உம்றாவுக்குத் தயாராகும் பெரியவர்கள் பலர் விமான டிக்கட்டைக் காட்டிக் கேட்கும் கேள்வி இது: “பிற்பகல் 3.00 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறினால் மாலை 6.30க்கு ஜித்தா என்று போட்டிருக்கிறதே, மூன்றரை மணித்தியாலப் பயணம்தானே?”

இல்லை. டிக்கட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியது. அதையும் சேர்த்தால் உண்மையான பயணம் 6 மணித்தியாலம். திரும்பி வரும்போது இது தலைகீழாகும். இரவு 8.00 மணிக்கு ஜித்தாவில் ஏறி அதிகாலை 4.00க்கு இங்கு இறங்கினால் எட்டு மணித்தியாலம் போலத் தெரியும். பறப்பது ஐந்தரை மணித்தியாலமே. குளிர்கால மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வரும் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறையும்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்வழித் தூரம் சுமார் 4,650 கிலோமீற்றர். விமானம் உயரத்தில் மணிக்கு 850 கிலோமீற்றர் அளவில் பறந்தாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. வான்பாதையும் முற்றிலும் நேரானதல்ல. அதனால்தான் ஐந்தரை மணித்தியாலக் கணக்கு ஆறாகிறது.

இந்தக் கணக்கு நமது இபாதத்தோடு நேரடியாகத் தொடர்புபட்டது.

முதலாவது, இஹ்ராம். நேரே மக்கா செல்வோர் மீகாத் எல்லையை வானத்திலேயே கடக்கிறார்கள். அது பொதுவாக ஜித்தாவில் இறங்குவதற்கு அரை மணித்தியாலம் அளவு முன்னராக இருக்கும். உயரத்தில் பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் சுமார் 14 கிலோமீற்றரைக் கடந்துவிடும். அறிவிப்பு வந்த பிறகு உடை மாற்ற எழுந்தால் கழிவறை வாசலில் வரிசை நிற்கும், எல்லை போய்விடும். நிய்யத் இன்றிக் கடந்தவர் மீகாத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆகவே இஹ்ராம் உடையை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, நிய்யத்தை மாத்திரம் அறிவிப்பின்போது வைப்பது பாதுகாப்பானது. முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரமில்லை. அவர்களது மீகாத் துல்ஹுலைஃபா.

இரண்டாவது, நோன்பு. பூமி 15 பாகை சுழல ஒரு மணித்தியாலம் ஆகிறது. ஜித்தா நமக்கு மேற்கே சுமார் 40 பாகையில் உள்ளது. எனவே அங்கு சூரியன் மறைவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலம் பிந்தியே. ரமழானில் பிற்பகல் விமானத்தில் செல்பவரின் கைக்கடிகாரம் கொழும்பின் மஃரிபைக் காட்டும்போது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அவர் நோன்பு திறக்க வேண்டியது தான் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பின்னரே.

மூன்றாவது, மருந்து. இன்சுலின் போடுபவர்கள் டிக்கட் நேரத்தை நம்பாமல், உண்மையான மணித்தியாலங்களைச் சொல்லிப் புறப்பட முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

வாப்பா, உம்மாவை வழியனுப்பும் பிள்ளைகள் ஒரு சிறு தாளில் மூன்று நேரங்களை இலங்கை நேரப்படி எழுதிக் கொடுங்கள்: இறங்கும் நேரம், மீகாத் நேரம், மருந்து நேரம். கைக்கடிகாரத்தை ஜித்தாவில் இறங்கிய பின் மாற்றினால் போதும். அவர்களது உம்றாவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.