பார்பேடாஸிலிருந்து ஒரு குட்டை இரவு

பார்பேடாஸ் தீவின் கடற்கரை ஓட்டல்களில் பெரும்பாலும் நண்பகலுக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும். லண்டன் போகும் விமானம் கிளம்புவதோ மாலையில். பெட்டிகளை வரவேற்பறையில் அடுக்கிவிட்டு, நீச்சல் உடைக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, நிழல் தேடி உட்கார்ந்திருக்கும் பிரிட்டிஷ் குடும்பங்களை டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே தினமும் பார்க்கலாம். விடுமுறையில் வந்தவர்களின் களைப்பு அந்த நண்பகலிலேயே தொடங்கிவிடுகிறது.

ஏன் ராத்திரிப் பயணம்? விமானம் சும்மா நின்றால் நஷ்டம். காலை பத்து மணிக்கு லண்டனில் கிளம்பும் விமானம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் பறந்து, தீவின் கணக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு கிராண்ட்லி ஆடம்ஸ் விமான நிலையத்தில் இறங்குகிறது. துப்புரவு, எரிபொருள், உணவு எல்லாம் முடிந்ததும் அதே விமானம் மாலை ஆறு மணி வாக்கில் திரும்பிவிடும். ஓட்டி வந்த விமானிகள் ஓட்டலுக்குத் தூங்கப் போக, முன்பே வந்து ஓய்வெடுத்த குழு ஏறிக்கொள்கிறது. பகலில்தான் திரும்புவது என்றால் விமானம் ஓர் இரவு முழுக்கத் தீவிலேயே நிற்க வேண்டும். அதை எந்த நிறுவனமும் விரும்பாது.   

பயணியின் தூக்கத்துக்கு இங்கேதான் கணக்கு இடிக்கிறது. குளிர்காலத்தில் லண்டன் நேரம் தீவைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்பி, எட்டேகால் மணி நேரம் பறந்தால் லண்டன் கடிகாரத்தில் காலை ஆறேகால். இரண்டு வாரம் தீவின் வெயிலுக்குப் பழகிப்போன உடம்புக்கோ அது நள்ளிரவு தாண்டி இரண்டேகால்தான். கிளம்பியதும் இரவுச் சாப்பாடு, தட்டு வாங்குவது என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். இறங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுக் காலை உணவு கொடுப்பார்கள். மிஞ்சுவது நாலே முக்கால் மணி நேரம் என்றாலும், மாலை எட்டு மணிக்கு யாருக்குத் தூக்கம் வரும்?

இதற்கிடையில் விமானி அறையில் நடப்பது பயணிகளுக்குத் தெரியாது. தீவைத் தாண்டியதும் விமானம் டிரினிடாடின் பியார்கோ வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து நியூயார்க் எல்லைக்கும், பிறகு அசோர்ஸ் தீவுகளின் சான்டா மரியாவுக்கும், கடைசியில் வடகிழக்கு அட்லாண்டிக்கின் ஷான்விக் எல்லைக்கும் கைமாறுகிறது. நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. நெடுந்தூர ரேடியோவின் கரகரப்பை இரவெல்லாம் விமானிகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அழைப்பு வந்தால் மட்டும் மணி ஒலிக்கும் ஏற்பாடு உண்டு. இப்போது பெரும்பாலான செய்திகள் எழுத்தாகவே திரையில் வந்துவிடுகின்றன.

பாதி வழிக்கு மேல் வடக்கே ஏறும்போது மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளத் தொடங்கும். இந்தக் காற்றின் வலிமைக்கு 2020 பிப்ரவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது: சியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது. எரிபொருள் மிச்சம், நிறுவனத்துக்கு லாபம். தூங்கத் தவிப்பவருக்கோ காற்று மிச்சப்படுத்தும் அந்த நேரமும் போயிற்று.

கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். புதிய 787 ரக விமானங்களில் ஆறாயிரம் அடி அளவுக்கு வைக்கிறார்கள். ஈரப்பதம் பாலைவனத்தைப் போல வறண்டிருக்கும். மனித உடலின் உள்கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், இரவைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கஷ்டம். கிழக்கு நோக்கிய பயணம் அதிகம் படுத்துவது இதனால்தான். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அறிவை விமானத் துறை தன் ஊழியர்களுக்கு ஒழுங்காகவே பயன்படுத்துகிறது. விமானிகளின் பணிநேர விதிகள் அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையிலான நேரத்தை உடல் விழிப்பு மிகவும் தாழும் வேளை என்று தனியாகக் குறித்து வைத்திருக்கின்றன. நீண்ட பயணத்தில் விமானிகளுக்கு நாற்பது நிமிட ஓய்வு கொடுத்து நாசா ஆராய்ந்தபோது, அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அதுவே அவர்களின் விழிப்பைக் கண்கூடாக உயர்த்தியது.

பயணிக்கு அப்படி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குடியேற்ற வரிசை, பெட்டி, பேருந்து எல்லாம் கடந்து, இரண்டு வாரமாக நிறுத்திவைத்த காரை எடுக்கும்போது காலை எட்டு மணி ஆகியிருக்கும். பின் இருக்கையில் குழந்தைகள். நெடுஞ்சாலையில் அலுவலக நேர நெரிசல். ஓட்டுபவரின் உடம்புக்கு அது அதிகாலை நான்கு மணி. நள்ளிரவிலிருந்து ஆறு மணி வரை நீண்ட பயணம் வேண்டாம் என்று பிரிட்டனின் சாலை விதி நூல் அறிவுறுத்துகிறது. சுவர்க் கடிகாரம் எட்டு காட்டுவதால் அந்த எச்சரிக்கை இவர்கள் நினைவுக்கே வருவதில்லை. இப்படிக் கார் ஓட்டுவது விமானத்தில் வரக்கூடிய எந்தக் குலுக்கலையும்விடப் பெரிய ஆபத்து.

காருக்குப் பதில் ரயிலில் போகலாம்: லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குத் தெற்கு முனையத்தோடு ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. நகரின் விக்டோரியா நிலையத்துக்கு அரை மணி நேரம்தான். ரயில் எட்டாத ஊர்க்காரர்களுக்கு உறவினர் யாராவது வந்து அழைத்துப்போவது நல்லது. விடுமுறைத் தொகுப்புகளை விற்பவர்களும் கொஞ்சம் மனது வைக்கலாம். புறப்படுவதற்கு முந்தைய இரவுக்கு விமான நிலைய ஓட்டல் அறையையும் கார் நிறுத்தத்தையும் சேர்த்து ஏற்கெனவே விற்கிறார்கள். திரும்பி வந்து இறங்கும் காலையில் நான்கு மணி நேரம் படுத்து எழுந்துவிட்டுக் காரை எடுக்க, அதே அறையை இன்னொரு முறை கொடுப்பது அவர்களால் முடியாத காரியமில்லை.