இருட்பொருளைத் தேடும் பணியும் அதற்குரிய ஆராய்ச்சிப் பதவிகளும்

பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் மறுநாளே பேராசிரியராகிவிடுவதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்து, வேதனம் பெற்றுப் பணிபுரிவதே பெரும்பாலார் செல்லும் வழி. இத்தகைய பதவிகளைப் பல நாடுகளிலும் வழங்கிவரும் துறைகளுள் ஒன்று, இருட்பொருளைப் பரிசோதனை வாயிலாகத் தேடுந் துறையாகும். தேடும் பொருளோ இதுவரை அகப்படவில்லை. அகப்படாத ஒன்றின் பொருட்டு இளமைக் காலத்தைச் செலவிடலாமோ என எம் மாணவர் வினவின், அது தக்க வினாவே.

அப்பொருள் உண்டெனக் கொள்வதற்கு ஆதாரம் வானத்தில் உளது. 1933ஆம் ஆண்டில் சுவிக்கி என்பார் உடுத்தொகுதிக் கூட்டமொன்றிலும், 1970இல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்ட் ஆகிய இருவரும் அந்திரோமீடா உடுத்தொகுதியிலும் அளந்த வேகங்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பினால் மட்டும் விளங்கத்தக்கனவல்ல. சாதாரண பொருளிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருட்பொருள் உண்டென்பதே இன்றைய கணிப்பு.

அதனைப் பூமியிற் பிடிக்க முயல்வோர் சுரங்கங்களையும் மலைக் குடைவுகளையும் நாடுகின்றனர். அண்டக் கதிர்கள் ஓயாது பொழியும் நிலமேற்பரப்பில் இவ்வகைக் கருவி பயனற்றது. ஐக்கிய அமெரிக்காவில் தென் டகோட்டாவிலுள்ள பழைய பொற்சுரங்கமொன்றில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், எல்.இசெட். என்னும் கருவி 7 தொன் திரவ செனனைக் கொண்டு காத்திருக்கின்றது. இத்தாலியின் கிரான் சாசோ மலையடியிலும் சீனத்தின் ஜின்பிங் மலையடியிலும் இத்தகைய கருவிகள் உள. கனடாவின் சட்பரி நகருக்கு அண்மையில், நிக்கற் சுரங்கத்தில் இரண்டு கிலோமீற்றர் ஆழத்திலமைந்த ஸ்னோலாபிற் புகுவோர், நீராடி, உடை மாற்றிய பின்னரே உட்செல்லலாம். ஆலய ஆசாரத்தினும் கடியது இவ்வாசாரம்!

துணிக்கையொன்று செனன் அணுவை மோதின் சிறு ஒளி தோன்றும். அப்போது விடுபடும் இலத்திரன்கள் மின்புலத்தால் மேலிழுக்கப்பட்டு, திரவத்தின் மேலுள்ள வாயுவிற் புகுகையில் இரண்டாம் ஒளியை எழுப்பும். இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு, மோதப்பட்டது இலத்திரனா, அணுக்கருவா என அறியலாம். கருவை மோதுவதே இருட்பொருளின் இயல்பாயிருக்குமென இங்கு எதிர்பார்க்கப்படுகின்றது. இடையூறாவன போலிக் குறிகளே. உலோகத்தில் இம்மியளவே உள்ள யுரேனியத்திலிருந்தும் ரேடன் வாயு கசிந்து செனனிற் கலந்துவிடும். ஆதலின் பொருத்தப்படும் பாகங்களின் கதிர்த்தொழிற்பாட்டை முன்கூட்டியே அளத்தல், செனனைத் தூய்மையாக்கல், கருவியை அளவுதிருத்தல், இராக் காவலிருத்தல், கணினிக்கான நிரல் எழுதல் என்பனவே இளம் ஆராய்ச்சியாளரின் அன்றாடப் பணிகள். இருட்பொருளைப் பற்றிச் சிந்திக்கும் நேரத்திலும் ரேடனைப் பற்றிச் சிந்திக்கும் நேரமே அதிகம்.

இவ்வுழைப்பு வீண்போகவில்லை. 2024இல் இத்தாலியிலும் சீனத்திலுமுள்ள செனன் கருவிகள், சூரியனிலிருந்து வரும் நியூத்திரினோக்கள் கருக்களை மோதுவதன் முதற் குறிகளைக் கண்டன. கருவியின் நுண்மைக்கு இது சான்று. அதேவேளை, இருட்பொருள் போல் நடிக்கும் புதியதோர் இடையூறுமாம். இனி வரும் கருவிகள் இதனையும் பிரித்தறிதல் வேண்டும். ஆதலாற் செய்யவேண்டிய வேலைக்குக் குறைவில்லை. நிரந்தரப் பதவிகளே குறைவு. இதனை மறைத்தல் மாணவருக்கு நாம் இழைக்கும் தீங்காகும்.

இப்பதவிகளைப் பற்றிய அறிவித்தல்கள் இன்ஸ்பயர் என்னும் துணிக்கைப் பௌதிகத் தகவல் நிலையத்தின் வேலைப் பட்டியலில் வெளிவருகின்றன. விண்ணப்பிக்குமுன் ஒன்றைக் கேட்டறிதல் நன்று: ஒப்பந்தக் காலத்தினுள் கருவி தரவு சேகரிக்குமா, அன்றிக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்குமா? நூற்றுக்கணக்கானோர் பெயர் தாங்கி வெளிவரும் கட்டுரையில் ஒருவரின் பங்கு வெளித்தோன்றாது. கருவியின் ஓர் உறுப்பையோ, பகுப்பாய்வின் ஒரு கூற்றையோ தமதெனப் பொறுப்பேற்றவருக்கே பேராசிரியரின் சான்றுக் கடிதம் வலிமை தரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி புலமைப்பரிசில் எந்நாட்டவருக்கும் உரியது. எனினும், முந்திய 36 மாதங்களுள் 12 மாதங்களுக்கு மேல் ஒரு நாட்டில் வசித்தவர் அந்நாட்டு நிறுவனமொன்றிற் பணிபுரிய அதனைப் பெறல் பொதுவாக இயலாது. கலாநிதிப் பட்டத்துக்கு எந்நாடு செல்வதென நிர்ணயிக்கும்போதே மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.